சூட்கேஸ் பிளேயரா, தனி டர்ன்டேபிளா: முள்ளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என்று மைக் செட் போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா தொழிலை விட்டபோது, குடோனில் கிடந்த 60 சொச்சம் இசைத்தட்டுகளை என் தலையில் கட்டினார். “எடைக்குப் போட மனசு வரலடா, நீயாச்சும் கேளு.” தட்டு வந்துவிட்டது, ஓட்டப் பெட்டி இல்லை. மூன்று வருடத்தில் இரண்டு பெட்டி வாங்கிவிட்டேன். முதலில் ஆன்லைனில் ஒரு சூட்கேஸ் பிளேயர், ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கிற கைப்பெட்டி வகை, 5,500 ரூபாய். அப்புறம் ஆடியோ டெக்னிகா எல்பி 60எக்ஸ், ஸ்பீக்கரைத் தனியாக இணைக்கிற டர்ன்டேபிள். ஸ்பீக்கரோடு சேர்த்து 20,000 தாண்டிவிட்டது. இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இரண்டாவது. காசு இல்லையென்றால் காசு சேரும்வரை காத்திருங்கள்.

சூட்கேஸின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அழகு. திறந்து சொருகினால் பாடும், தனி ஸ்பீக்கர் தேவையில்லை, வருகிறவர்கள் எல்லாம் “அட!” என்பார்கள். சத்தம் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கும், அது காது உள்ள யாருக்கும் தெரியும், அதை விடுங்கள். விஷயம் தட்டின் பள்ளத்தில் ஓடுகிற முள்ளில் இருக்கிறது.

சூட்கேஸ் வகைகளில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் பாகம்), அதில் சிவப்புப் பிளாஸ்டிக்கில் பதித்த சஃபையர் முள். அதன் ஆயுள் சுமார் 50 மணி நேரம். ஒரு எல்.பி. (நிமிடத்துக்கு 33 சுற்றுச் சுற்றும் பெரிய தட்டு) இரண்டு பக்கமும் சேர்த்து 40 நிமிடம் என்று வையுங்கள், தினம் ஒரு தட்டு கேட்டால் 75 நாளில் முள் காலி. காலியானது நமக்குத் தெரியாது, அதுதான் கொடுமை. தேய்ந்த முள் பாடிக்கொண்டேதான் இருக்கும், கூடவே தட்டையும் செதுக்கிக்கொண்டிருக்கும். முள் எடை பார்க்கும் குட்டித் தராசு ஒன்று வாங்கி வைத்துப் பார்த்தேன், என் சூட்கேஸ் 5 கிராமுக்கு மேல் அழுத்தியது. எல்பி 60எக்ஸ் 3 கிராமுக்குப் பக்கம். 2 கிராம் வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் மயிரிழை அளவு பள்ளத்தில் நிற்கிற முள் முனைக்கு அது மலை. எல்பி 60எக்ஸில் இருப்பது வைரமுள், 300 முதல் 500 மணி நேரம் வரை வரும், போனால் ஏடிஎன் 3600எல் என்று தேடி வாங்கி நாமே இழுத்துவிட்டுச் சொருகிக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியில் முள்ளுக்கென்று கடை கிடையாது. பெங்களூர் 90 கிலோமீட்டர், இல்லாவிட்டால் கூரியர். ஆகவே பெயர் சொல்லிக் கேட்டால் கிடைக்கிற முள் எது என்று பார்த்துத்தான் பெட்டியே வாங்க வேண்டும்.

இதோடு நம்ம ஊர் தூசி. எங்கள் தெருமுனையில் கிரானைட் பட்டறை, பைபாஸில் கல் லாரி, ஆடிக் காற்று வந்துவிட்டால் ஜன்னலைச் சாத்தினாலும் மேஜைமேல் விரலால் பெயர் எழுதலாம். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் முள்ளைத் தூக்கிப் பார்த்தால் நுனியில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு உருண்டை தொங்கும். கல்தூள் கிடக்கிற பள்ளத்தில் 5 கிராம் முள் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சரி, கழுவிவிடலாம் என்று போர் தண்ணீரில் கழுவினேன். காய்ந்ததும் தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்பு, முன்பைவிட அதிகமாகப் படபடவென்று பொரிந்தது! இப்போது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான், லேபிளில் படாமல், மெல்லிய துணியால், பள்ளம் போகும் வட்டத்திலேயே துடைப்பது.

பெரியப்பா தட்டுகளில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கருப்பு பளபளப்புக்குப் பதில் சாம்பல் பூத்திருக்கும், பழைய மைக் செட் பிளேயர்கள் உழுத உழவு அது. எந்த டர்ன்டேபிளும் அதைச் சரிசெய்யாது. பக்கத்தின் கடைசிப் பாட்டு இன்னும் மோசம். லேபிள் பக்கம் போகப் போக ஒரு சுற்றுக்குரிய நீளம் பாதிக்கும் கீழே குறைந்துவிடுவதால், ‘ச’ வருகிற இடமெல்லாம் சீறும்.

வேகம் இன்னொரு தலைவலி. சூட்கேஸில் நாதஸ்வரத் தட்டைப் போட்டு சுருதி ஆப்பை வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறி நின்றது. அடியில் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் குறையும் என்றார்கள், திருகினேன், இரண்டு நாளில் பழையபடி. மற்றதில் இந்தத் தொல்லை இல்லை. சூட்கேஸில் 78 வேகம் (நிமிடத்துக்கு 78 சுற்று, பழைய காலத்துத் தட்டுகளுக்கு) இருக்கிறதே, எல்பி 60எக்ஸில் 33, 45 மட்டும்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் 78 தட்டின் பள்ளம் அகலம், எல்.பி. முள் அதில் அடியில் போய் உரசும், வேகம் மட்டும் இருந்து என்ன பயன்? நான் 78 தட்டு இரண்டே இரண்டு ஓட்டியவன், அதனால் இதில் ரொம்பப் பேசவில்லை.

எல்பி 60எக்ஸிலும் குறை உண்டு. முள்ளின் எடையை நாம் மாற்ற முடியாது, பெல்ட் நாளடைவில் தளரும். பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றும் டைரக்ட் டிரைவ் வகை இதைவிட மேல் என்கிறார்கள், நான் ஒருநாள் சாயங்காலம் ஒரு நண்பர் வீட்டில் கேட்டதோடு சரி.

சூட்கேஸை விற்கப் போட்டேன், 1,500க்கு மேல் யாரும் கேட்கவில்லை. விற்கவில்லை. பெங்களூர் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 100 ரூபாய்க்கு வாங்குகிற சாம்பல் பூத்த தட்டுகளை முதலில் அதில்தான் போடுகிறேன். தாவாமல் ஓடினால் கழுவப் போகும், தாவினால் அட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வேன்.