புஷ்-அப் கம்பிகள்: மணிக்கட்டுக்கு நிம்மதி, தோளுக்குக் கவனம்

உள்ளங்கையைத் தரையில் ஊன்றித் தண்டால் எடுக்கும்போது மணிக்கட்டு ஏறக்குறைய 90 டிகிரி பின்னால் மடங்குகிறது. அங்கே வலி வருபவர்களுக்குப் புஷ்-அப் கம்பிகள் எனப்படும், தரையில் வைத்துப் பிடிக்கும் இந்த ஜோடிக் கைப்பிடிகள் உண்மையிலேயே உதவும். கம்பியை இறுகப் பிடித்தால் மணிக்கட்டு முன்னங்கையோடு நேராக நிற்கும்.

வாங்குமுன் அடிப்பாகத்தைப் பாருங்கள். கால்களில் ரப்பர் இல்லாவிட்டால் டைல்ஸில் வழுக்கும். பிடியில் சுற்றிய ஃபோமை முறுக்கிப் பாருங்கள்; இப்போதே சுழன்றால், வியர்வை பட்டதும் இன்னும் மோசமாகும். திருகு வைத்த மாடல் என்றால் அவ்வப்போது இறுக்க வேண்டும். கைப்பிடியே சுழலும் வகை புதியவர்களுக்குத் தேவையில்லை.

சிக்கல் ஆழத்தில்தான். கைகள் உயரத்தில் இருப்பதால் நெஞ்சு கைமட்டத்துக்கும் கீழே போக இடம் கிடைக்கிறது. "இன்னும் கீழே" என்று இறங்கினால் தோள் முன்னோக்கி உருண்டு, மூட்டின் முன்பக்கத்தில் சுமை ஏறும். முதல் சில வாரங்கள் மேற்கை தரைக்கு இணையாக வந்ததும் நிறுத்துங்கள். வலியில்லாமல் பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் கூட்டலாம்.

கம்பிகளைத் தோளகலத்தைவிடச் சற்று விலக்கி, நெஞ்சுக்கு நேராக வையுங்கள். முழங்கை உடம்பிலிருந்து சுமார் 45 டிகிரி விலகினால் போதும். பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கி, 2 விநாடி எடுத்து இறங்குங்கள். இடுப்பு முதலில் தொய்ந்தால் அந்தச் செட் அங்கேயே முடிந்தது. அப்போது கம்பியை ஓரம் வைத்துவிட்டு, உறுதியான மேசை விளிம்பில் கை ஊன்றிச் செய்வதே பலன் தரும்.