மேட் பழைய இதழ்கள்: பிரிட்டிஷ் பதிப்பை வாங்கலாமா?

மேட் என்ற அமெரிக்க நகைச்சுவைப் பத்திரிகையின் பழைய இதழ்களைத் தேடுகிறவர்கள் அமெரிக்கப் பதிப்பைத்தான் கேட்பார்கள். எனக்கு 1959 முதல் 1994 வரை வந்த பிரிட்டிஷ் பதிப்பின் மேல்தான் பாசம், முதலில் கையில் கிடைத்தது அதுதான். சரி, பாசத்தைத் தள்ளி வைத்துவிட்டு இப்போது புரட்டினால் எப்படி இருக்கிறது?

பாதிக்கு மேல் இன்னும் சிரிப்பு வருகிறது. அமெரிக்காவில் வந்ததையே எடுத்து, எழுத்துக்கூட்டலையும் சில வரிகளையும் பிரிட்டனுக்கு ஏற்ப மாற்றி, உள்ளூர்ச் சரக்கும் கொஞ்சம் சேர்த்துப் போட்டார்கள். மார்ட் டிரக்கர் வரைந்த சினிமா நையாண்டிகளுக்கு இதனால் சேதமில்லை, அந்த நடிகர்களின் முகம் எங்கே போனாலும் தெரியும். ஓவியர் டேவ் பெர்க்கின் பக்கங்கள்தான் கொஞ்சம் இடிக்கும், படம் முழுக்க அமெரிக்கப் புறநகர்க் குடும்பங்கள், எழுத்து மட்டும் லண்டன்காரர்களுக்கு.

துளிகூடக் கெடாமல் கடல் தாண்டியவை வசனமே இல்லாத கேலிச்சித்திரங்கள்தான். கியூபாவை விட்டு வெளியேறிய அன்டோனியோ புரோஹியாஸ் 1961இல் தொடங்கிய 'ஸ்பை வெர்சஸ் ஸ்பை'யில் கறுப்பு உடுப்பில் ஓர் உளவாளி, வெள்ளை உடுப்பில் இன்னொருவன், வாயே திறக்காமல் ஒருவனுக்கொருவன் குழி பறித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த முறை யார் மாட்டுவான் என்று கடைசிக் கட்டம்வரை தெரியாது. அப்புறம் செர்ஜியோ அராகோனஸ் பக்க ஓரங்களில் கிறுக்கிய குட்டிப் படங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் கட்டுரையை விட்டுவிட்டு ஓரத்தையே மேய்கிறேன்.

இன்னொன்று, அல் ஜாஃபி 1964இல் ஆரம்பித்த மடிப்புப் படம். விரித்து வைத்தால் ஒரு பெரிய படமும் ஒரு கேள்வியும், இரண்டு இடத்தில் மடித்தால் நடுப்பகுதி மறைந்து பதில் வந்து நிற்கும். அவர் வரைந்தது மடிக்க முடியாத தடித்த அட்டையில் என்பதால், அச்சாகி வந்த பிறகுதான் மடித்த படத்தை அவரே பார்ப்பாராம்! கணினி எதுவும் இல்லாத காலத்து வேலை இது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்த மடிப்புப் படம் உள்ள பக்கத்தில் மடிப்பு விழுந்திருந்தால் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள், விலையும் இறங்கும். படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்தப் பிரதியையே கேளுங்கள், அட்டையில் விலைக்குப் பக்கத்திலேயே 'மலிவு' என்று அச்சடித்த பத்திரிகைக்கு அதிகம் கொடுப்பானேன்?