ஜிமேட் இலவச ஸ்டார்ட்டர் கிட்: கிரிட்டிக்கல் ரீசனிங்குக்கு இது போதுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து, எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வை எழுத நினைப்பவர்கள் டியூஷனுக்கு ராண்டை எண்ணி வைப்பதற்கு முன் எம்பிஏ டாட் காம் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கிவிடுங்கள். தேர்வை நடத்துபவர்களே தயாரித்த பயிற்சிக் கேள்விகளும் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளும் ‘ஸ்டார்ட்டர் கிட்’ என்ற பெயரில் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சிறு வாதத்தைக் கொடுத்து அதன் தர்க்கத்தைச் சோதிக்கும் கிரிட்டிக்கல் ரீசனிங் கேள்விகளைப் பொறுத்தவரை, காசு கொடுத்து வாங்கும் பல கேள்வித் தொகுப்புகளைவிட இது மேல்.

2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் வெர்பல் என்ற மொழிப் பகுதிக்கு 45 நிமிடம், 23 கேள்விகள். இலக்கணப் பிழை திருத்தும் சென்டன்ஸ் கரெக்‌ஷனை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது பத்தி வாசிப்பும் கிரிட்டிக்கல் ரீசனிங்கும்தான். அண்ணனோ அக்காவோ கொடுத்த பழைய புத்தகம் வீட்டில் இருந்தால் இலக்கணப் பக்கங்களை மட்டும் விட்டுவிடுங்கள். தர்க்கக் கேள்விகள் இன்றும் பயன்படும்.

இந்தக் கேள்விகளின் உயர்வு, தவறான விடைகள் எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஐந்து விடைகளில் நான்கு தவறு, ஒவ்வொன்றும் ஒரு காரணத்தோடு தவறு. நம் ஊர்ச் சங்கதி ஒன்றை வைத்துப் பார்ப்போம். ‘ஒரு கடற்கரையில் சுறா வலை போட்டார்கள், அடுத்த ஆண்டு சுறாத் தாக்குதல்கள் பாதியாகக் குறைந்தன, ஆகவே வலைதான் காரணம்.’ இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது? வலையில் டால்பின்களும் ஆமைகளும் மாட்டுகின்றன என்று ஒரு விடை. அந்த ஆண்டு கடலில் இறங்கியவர்களின் எண்ணிக்கையே பாதியாகிவிட்டது என்று இன்னொரு விடை. 1952 முதல் சுறா வலையைப் பார்த்துவரும் ஊர்க்காரர்களுக்கு டால்பின் விஷயம் உண்மை என்று தெரியும். கை அங்கேதான் போகும். ஆனால் அது வலையின் தீமையைச் சொல்கிறதே தவிர, தாக்குதல் ஏன் குறைந்தது என்பதைத் தொடவே இல்லை. சரியான விடை இரண்டாவதுதான். சொந்த அறிவைக் கொண்டு விடை தேடுவதே இங்கே அதிகம் பேரை வீழ்த்தும் தவறு.

வழி இதுதான். முதலில் வாதத்தின் கீழே உள்ள கேள்வியைப் படியுங்கள்: பலவீனப்படுத்துவதா, வலுப்படுத்துவதா, அனுமானமா (வாதம் வெளியே சொல்லாமல் நம்பியிருக்கும் கருத்து), கொடுத்த தகவலிலிருந்து முடிவு பெறுவதா? பிறகு வாதத்தைப் படித்து முடிவு வாக்கியத்தைப் பிடியுங்கள். அது எப்போதும் கடைசியில் இருக்காது. ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே உள்ள ஓட்டையை விடைகளைப் பார்க்கும் முன்பே ஒரு வரியில் மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இதைத் தவிர்த்தால் ஐந்து விடையும் ஒரே மாதிரி கவர்ச்சியாகத் தெரியும்.

அனுமானக் கேள்வி என்றால் விடையை எதிர்மறையாக்கிப் பாருங்கள். ‘குளிப்பவர்கள் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை’ என்பதை ‘பெரிதாகக் குறைந்துவிட்டது’ என்று மாற்றினால் வலை வாதம் சரிகிறது. அப்படியானால் அதுதான் அனுமானம். மாற்றியும் வாதம் நின்றால் அந்த விடையை அடித்துவிடலாம்.

‘எல்லா’, ‘ஒருபோதும்’ வந்தாலே விடை தவறு என்று சில வகுப்புகளில் சொல்லித்தருவது பாதிதான் உண்மை. கொடுத்த தகவலிலிருந்து முடிவு பெறும் கேள்விகளில் அடக்கமான விடையே பெரும்பாலும் பாதுகாப்பு. பலவீனப்படுத்தும், வலுப்படுத்தும் கேள்விகளில் விடைகளை உண்மை என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அங்கே அழுத்தமான சொல் குறையே அல்ல.

ஆங்கிலத்திலேயே வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சொல்வளம் தடையில்லை. வேகமாகப் படித்து ‘சில’, ‘பெரும்பாலான’, ‘மட்டுமே’ போன்ற சிறு சொற்களைத் தாண்டிவிடுவதுதான் தடை.

நேரம்: ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டரை நிமிடம் ஆகியும் இரண்டு விடைகளுக்கு இடையே தவித்தால் ஒன்றைத் தேர்ந்து, புக்மார்க் செய்து நகருங்கள். பகுதி முடிவில் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை மாற்றலாம். கேள்விகளை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் அடிபடும்.

கிட்டின் குறைகளும் உண்டு. மாதிரித் தேர்வில் தர்க்கக் கேள்விகளை மட்டும் தனியாகப் பிரித்து எழுத முடியாது. அதே தேர்வை மறுபடி எழுதினால் பழைய கேள்விகள் திரும்ப வரலாம், மதிப்பெண்ணும் பொய்யாக ஏறும். உங்கள் யோசனை எங்கே வழுக்கியது என்று எந்தத் திரையும் சொல்லாது. அதற்கு ஒரு நோட்டு போடுங்கள்: கேள்வி வகை, நீங்கள் தேர்ந்த விடை, அது ஏன் தவறு, மற்ற மூன்றும் ஏன் தவறு. சரியாகப் போட்ட கேள்விகளுக்கும் இதை எழுதுங்கள், குருட்டாம்போக்கில் கிடைத்தவை அப்போதுதான் தெரியவரும்.

முதல் மாதிரித் தேர்வைப் படிப்பின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டாவதை நிஜத் தேர்வுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்புவரை திறக்கவே வேண்டாம். எழுதும் நாளில் இடையில் நிறுத்தாமல், போனை வேறு அறையில் வைத்துவிட்டு, முழு 2 மணி 15 நிமிடமும் உட்காருங்கள்.