நகைக்கடன்: எங்கள் ஊர் வங்கிக் கிளையில் பார்த்தது

தேனிப் பக்கம் தையற்கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். மழையில் வண்டி சறுக்கிக் கால் முறிந்துவிட்டது. ஆபரேஷன் அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் முடிந்தது. ஆனால் அவர் படுத்திருந்த மாதங்களில் வண்டித் தவணை நிற்குமா, கடை வாடகை நிற்குமா? அதற்குத்தான் நகைக்கடன். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன்.

முதல் நல்லது, யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். ஜாமீன் கேட்கவில்லை, சம்பளச் சீட்டு கேட்கவில்லை. நகையை மதிப்பிடும் அப்ரைசர் ஆரத்தை உரைகல்லில் தேய்த்து, ஆசிட் சொட்டு விட்டுப் பார்த்தார். ஆரம் 24 கிராம். கல்லுக்காக 3 கிராம் கழித்தார். வளையலுக்குள் இருந்த அரக்குக்கும் கழிவு. எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. கழித்ததை ரசீதில் எழுதித் தரச் சொன்னேன். முகம் சுளித்தாலும் எழுதிக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் பணம் கணக்கில் ஏறிவிட்டது. வட்டி ஆண்டுக்கு 9 சதவீதத்துக்குச் சற்று மேல். கடைவீதி அடகுக்கடையில் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24.

பிடிக்காதது, கையெழுத்துப் போடும் நேரத்தில் "ஒரு பாலிசியும் எடுத்துக்கோங்கம்மா" என்று நச்சரித்தது. கால் உடைந்த வீட்டில் பிரீமியம் கட்டக் காசு எங்கே? வேண்டாம் என்றேன், விட்டுவிட்டார்கள்.

உண்மையான தொல்லை கடன் வாங்கிய பன்னிரண்டாம் மாதம்தான். அசலும் வட்டியும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும். முடியாதவர்கள் ஒருநாள் வட்டிக்காரரிடம் வாங்கிக் கட்டி, நகையை மீட்டு, மறுபடி அதே கவுண்டரில் வைக்கிறார்கள். அந்த ஒருநாள் வட்டியைக் கேட்டால் மயக்கமே வரும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் கொண்டுவந்த விதிகளில், கடன் ஒழுங்காக இருந்தால், சேர்ந்த வட்டியை மட்டும் கட்டிவிட்டு, எழுதிக் கேட்டுப் புதுப்பிக்கலாம். கொடுப்பது வங்கியின் இஷ்டம்தான், ஆனாலும் கேட்டுப் பாருங்கள். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்பதும் அதில்தான் வருகிறது. ஆனால் வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனென்றால், கடனும் அந்த வட்டியும் சேர்த்துத்தான் 85 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

நான் மாதாமாதம் ரவிக்கைத் தையல் காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினேன். கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள்; தானாக யாரும் சொல்வதில்லை. இரண்டு மூன்று மாத முடைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. காதுகுத்துக்கும் சீர் செய்யவும் வைக்கிறவர்களை நினைத்தால்தான் பயம்.

போவதென்றால் பதினோரு மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன்னால் அப்ரைசர் வருவதில்லை. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. கடனை அடைத்த பிறகு ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.