ஒல்லியான உடம்புக்கு இந்த சுகர் மெஷின் சரிவருமா?

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மருந்துக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் சாதாரண செட்தான்: மெஷின், விரல் குத்தும் பேனா, அதில் போடும் சில லான்செட் ஊசிகள், இரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப் ஒரு குப்பி. பருமனான நடுவயதுக்காரருக்குத் தயங்காமல் வாங்கலாம். சிறுவயதில் வயிறார உணவில்லாமல் வளர்ந்து, இன்று 45 கிலோ உடம்போடு கட்டுமானத் தளத்தில் உழைக்கும் இளைஞருக்கு வாங்குவதென்றால் சிலவற்றைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஊட்டக்குறைவால் வரும் நீரிழிவை உலகச் சுகாதார நிறுவனம் 1985ல் தனி வகையாகச் சேர்த்தது, 1999ல் நீக்கிவிட்டது. அனைத்துலக நீரிழிவுச் சம்மேளனம் 2025ல் அதை ஐந்தாம் வகை என்று மீண்டும் ஏற்றுக்கொண்டது. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் நியூயார்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2022ல் வெளியிட்ட ஆய்வின்படி, இவர்களுக்கு இன்சுலின் சுரப்பது குறைவு; ஆனால் சுரப்பதை உடம்பு நன்றாகவே ஏற்கிறது. அதனால் இன்சுலின் அளவு கொஞ்சம் கூடினாலும் சுகர் சட்டென்று இறங்கிவிடும். இந்த மெஷின் முதலில் காட்டிக்கொடுக்க வேண்டியது அந்த இறக்கத்தைத்தான்.

அங்கேதான் இதன் பலவீனமும் இருக்கிறது. அனைத்துலகத் தரவிதி 5.55 மில்லிமோலுக்குக் கீழே 0.83 வரை கூடவோ குறையவோ காட்ட அனுமதிக்கிறது. திரையில் 4.4 என்று வந்தால் உண்மையில் 3.6 ஆகவும் இருக்கலாம். இரத்தச்சோகை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சிவப்பணு குறைந்த இரத்தத்தில் குளுகோஸ் ஸ்ட்ரிப்பின் மருந்தை எளிதாகச் சென்றடைவதால் எண் கூடுதலாக வரும். ஊட்டக்குறைவும் இரத்தச்சோகையும் சேர்ந்தே வருவதால் இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது. ஸ்ட்ரிப் பெட்டித் தாளில் ஹிமடோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, என்ற வரியைத் தேடுங்கள். 30–55 விழுக்காடு என்று போட்டிருப்பதைவிட 20–60 என்று போட்டிருப்பதே இவர்களுக்கு நல்லது. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி சோதனையும் இரும்புச்சத்துக் குறைவில் கூடுதலாக வரக்கூடும். அதனால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது அலகு. இங்கே விற்பது மில்லிமோல் காட்டும். ஊர் மருத்துவச் சீட்டில் மில்லிகிராம் இருக்கும். ஊர் எண்ணை 18ஆல் வகுத்தால் இங்குள்ள எண் கிடைக்கும்: 180 என்பது 10, 70 என்பது 3.9. ஊரிலிருந்து கொண்டுவந்த மெஷினையும் இதையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் குறிப்பேட்டில் எண்ணோடு அலகையும் எழுதுவது கட்டாயம்.

பேனா பரவாயில்லை. சிமெண்ட் பிடித்துக் காய்த்த விரலில் ஆழம் 2 வைத்தால் துளி வராது. 4க்குத் திருப்பி, மோதிர விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தவும். அதற்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். வாழைப்பழம் உரித்த விரலில் ஒட்டிய சர்க்கரையே எண்ணைப் பல புள்ளி ஏற்றிவிடும். ஆல்கஹால் பஞ்சால் துடைத்தால் மட்டும் அது முழுதாகப் போகாது.

ஸ்ட்ரிப் பெரும்பாலும் 30 டிகிரி வரைதான் தாங்கும். லாரியிலோ தளத்துக் கொள்கலன் அறையிலோ வைத்தால் வீணாகிவிடும். குப்பியைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதி, தாளில் சொன்ன மாதங்கள் கடந்ததும் எறிந்துவிடுங்கள்.

செட்டோடு கையேடு வருகிறது. ஆனால் எண் 4க்குக் கீழே வந்தால் என்ன செய்வதென்று அதில் தெளிவாக இல்லை; இது பெரிய குறை. 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கையில் கிடைத்த குளிர்பானத்தை நம்ப வேண்டாம். சிங்கப்பூரில் பானங்களின் சர்க்கரையை வைத்துத் தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேடு முத்திரையில் பி பெற்ற பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்காது. 15 கிராமுக்குக் குறைந்தது 300 மில்லி வேண்டும். ஏ முத்திரை உதவவே உதவாது. சட்டைப் பையில் இரண்டு மூன்று சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

தங்குவிடுதியில் ஒரு செட்டை அறைக்கே பொதுவாக வைத்துக்கொள்வதுண்டு. குத்தும் பேனாவை மட்டும் பொதுவாக்கவே கூடாது. ஊசியை மாற்றினாலும் ஹெபடைடிஸ் பி பரவலாம். ஆளுக்கொரு பேனா வாங்கிக்கொள்ளுங்கள். குத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி வையுங்கள்.