ஆர்ஸ்பாம்டி: ஸ்பாமை வாசலிலேயே திருப்பும் வடிகட்டி

சொந்தமாகப் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மெயில் சர்வர் நடத்தும் அலுவலகங்களுக்கு ஆர்ஸ்பாம்டியைத் தயங்காமல் சொல்லலாம். இலவசம், வேகமும் அதிகம். போஸ்ட்ஃபிக்ஸில் மில்டராக (மெயிலைச் சோதிக்கும் வெளி நிரலாக) ஆர்ஸ்பாம்டியின் 11332 போர்ட்டைக் கொடுத்தால், அனுப்பும் சர்வர் இணைப்பில் இருக்கும்போதே சோதனை முடிந்துவிடும். ஸ்பாமை அங்கேயே மறுத்துவிடுவதால் போலி முகவரிகளுக்கு பவுன்ஸ் (மெயில் சேரவில்லை என்ற அறிவிப்பு) போகாது. இது பெரிய நிம்மதி.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (அனுப்பிய டொமைன் உண்மையானதா என்று பார்க்கும் சோதனைகள்), பிளாக்லிஸ்ட் (ஸ்பாம் அனுப்புவோர் பட்டியல்) என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. மொத்தம் 4 என்றால் கிரேலிஸ்ட் (தற்காலிக மறுப்பு), 6 என்றால் ஹெடரில் ஸ்பாம் குறி, 15 என்றால் நிராகரிப்பு. இவை இயல்பு அமைப்புகள். புகார் வருவது கிரேலிஸ்டில்தான். அனுப்பிய சர்வர் 5 நிமிடம் கழித்து மறுபடி முயல வேண்டும். அதற்குள் ஓடிபி காலாவதியாகிவிடும். ஓடிபி அனுப்பும் டொமைன்களை முன்கூட்டியே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் டிஎன்எஸ் (டொமைன் பெயர்களைத் தேடித் தரும் அமைப்பு). 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் என்னும் பிளாக்லிஸ்ட் சரியான பதில் தராது. ஸ்பாம் தாராளமாக உள்ளே வரும். அதே சர்வரில் அன்பவுண்ட் என்னும் டிஎன்எஸ் நிரலைப் போட்டு, கேள்விகளை நேரடியாக அனுப்ப வையுங்கள்.

பழைய மெயில்களிலிருந்து ஸ்பாமை அடையாளம் காணக் கற்கும் பேயஸ் பகுதிக்கு ரெடிஸ் என்னும் தரவுத்தளம் தேவை. ஸ்பாமில் 200, நல்ல மெயிலில் 200 கற்றுக்கொடுத்த பிறகே அது மதிப்பெண் போடத் தொடங்கும். ஸ்பாமை மட்டும் ஊட்டிப் பயனில்லை.