மதுரை பழங்காநத்தம் பக்கம் ஒரு கார் பட்டறை, இன்ஜின் ஹீட் பிரச்சனைக்கு கண்ண மூடிட்டு போகலாம்

என்னோட 2004 மாருதி 800, தேனி ரோட்ல உசிலம்பட்டி தாண்டுறதுக்குள்ள ஹீட் மீட்டர் முள்ளு எச் (ஹாட்) பக்கம் ஏறிடும், ரெண்டு பட்டறைல காமிச்சேன், ஒருத்தர் தெர்மோஸ்டாட்ட (சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணி ஓட்டத்த திறந்து மூடுற வால்வு) கழட்டி தூக்கி போட்டுட்டு பைப் தண்ணி ஊத்தி அனுப்பிட்டாரு, இன்னொருத்தர் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்க சீல்) போச்சு இன்ஜின் இறக்கணும்னு 18,000 சொன்னாரு.

இந்த பழங்காநத்தம் பட்டறை அண்ணன் பானட்ட திறக்குறதுக்கு முன்னாடி கேட்ட ஒரே கேள்வி, "தம்பி, சிக்னல்ல நிக்கும்போது ஏறுதா, ஓடும்போது ஏறுதா?" நின்னா மட்டும் ஏறுனா ஃபேன் பக்கம் பாக்கணுமாம், ஓடும்போதும் ஏறுனா தண்ணி ஓட்டத்துல கோளாறாம். அப்புறம் வண்டிய ஆற விட்டாரு. ஆறுனதும் மேல் ஹோஸ் சூப்புன மாங்கொட்டை மாதிரி சப்பி கிடந்துச்சு! ரேடியேட்டர் மூடில இருக்க குட்டி வால்வு ஒட்டிக்கிச்சு, அதான் ரிசர்வ் டேங்க் தண்ணி திரும்ப உள்ள வரலன்னாரு. பிரஷர் பம்ப் மாட்டி செக் பண்ணா, சிஸ்டத்துல லீக் இல்ல, மூடிதான் 0.9 பார் தாங்க வேண்டியது பாதிலயே விட்டுருது. அந்த பிரஷர் இருந்தாதான் தண்ணி 118 டிகிரி கிட்ட வரைக்கும் கொதிக்காம நிக்கும்.

புது மூடி, புது தெர்மோஸ்டாட், துரு தண்ணிய ஃபிளஷ் பண்ணி கூலன்ட், எல்லாம் சேத்து 2,600. ஹெட் கேஸ்கெட்ட தொடவே இல்ல. நேத்து போடிமெட்டு மலை ஏறிட்டு வந்தேன், முள்ளு பாதிய தாண்டல.

பில்லு கேட்டா மட்டும் சிகரெட் அட்டைல எழுதி தர்றாரு, காலைல 9 மணிக்கு வரச்சொல்லிட்டு 11க்குதான் ஷட்டர தூக்குறாரு.